தடுப்பூசி முகாமிலேயே நாய்களுக்கு நடை பழக்கவும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தடுப்பு நாளையொட்டி எங்கள் பகுதியில் நடந்த இலவசத் தடுப்பூசி முகாமுக்கு எங்கள் வீட்டு நாயை அழைத்துச் சென்றிருந்தேன். காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் இரும்புச் சங்கிலியை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தார். அவருடைய லாப்ரடார் முன்னங்கால்கள் இரண்டும் தரையில் படாமல், கழுத்துப்பட்டையிலேயே தொங்குவதுபோல் முன்னால் எம்பிக்கொண்டிருந்தது. அது மூச்சை இழுத்து விடும் கரகரப்பு பத்தடி தள்ளியும் கேட்டது. சற்றுத் தள்ளி ஒரு பள்ளிச் சிறுவன் தன் நாட்டு நாயைப் பிடித்து நிறுத்த முடியாமல் மின்கம்பத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு அழும் நிலையில் நின்றான். இரண்டு நாய்கள் ஒன்றன் கயிற்றில் ஒன்று சிக்கிக்கொள்ள, அவற்றைப் பிரிக்கப்போன பெண்மணியின் புறங்கையில் பல் பட்டு இரத்தம் வந்தது. அங்கே வந்திருந்த எவரையும் பொறுப்பற்றவர் என்று சொல்ல முடியாது. யாரும் கட்டாயப்படுத்தாமல், விடுமுறை நாளில் தூக்கத்தை விட்டெழுந்து, தங்கள் நாய்க்கு ஊசி போட வந்தவர்கள் அவர்கள். நாயைக் கயிற்றில் நடத்துவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் ஒருநாளும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றியே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

வளர்ப்பு நாய்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. 2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய கொடுமையைப் படித்த எவருக்கும் அது எளிதில் மறக்காது. அதன் பிறகு, உரிமம் வேண்டும், பொது இடத்தில் கயிறு வேண்டும், வாய்மூடி வேண்டும் என்று மாநகராட்சி வலியுறுத்தியது முற்றிலும் சரியானது. நாயைக் கவனக்குறைவாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து விளைவித்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு சொல்கிறது. அதையும் நான் ஆதரிக்கிறேன். ஆனால் கயிறு கையில் இருப்பதாலேயே நாய் கட்டுக்குள் இருப்பதாக ஆகிவிடாது. இருபத்தைந்து, முப்பது கிலோ எடையுள்ள ஒரு விலங்கு திடீரென்று பாய்ந்தால், கயிற்றின் மறுமுனையில் இருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் பாயும். இதை நான் யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது அறுபத்து மூன்று. எங்கள் நாயின் பெயர் செவலை. தென் மாவட்டங்களின் கரிசல் காட்டில் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை இனத்தைச் சேர்ந்தது. என் மகன் ஆசைப்பட்டு வாங்கி வளர்த்தான். பிறகு வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டான். மூன்றரை வயதில் செவலை என் பொறுப்புக்கு வந்தது. கண்ணால் பார்த்ததைத் துரத்துவது அதன் இரத்தத்தில் ஊறியது. ஒருநாள் அதிகாலையில், தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பூனை குறுக்கே ஓடியது. நான் சங்கிலியை மணிக்கட்டில் சுற்றியிருந்தேன். அடுத்த கணம் நான் சிமெண்ட் சாலையில் குப்புறக் கிடந்தேன். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தேன். சோறு பிசைவதற்கும் தலை வாருவதற்கும் பிறர் கையை எதிர்பார்த்த அந்த நாட்களில், நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 2001 முதல் 2020 வரையிலான இருபது ஆண்டுகளில், நாயைக் கயிற்றில் நடத்தும்போது காயமடைந்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த பெரியவர்களின் எண்ணிக்கை 4 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேல் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அவர்களில் நால்வருக்கு மூவர் பெண்கள். மிகுதியாக நேர்ந்த காயம் விரல் எலும்பு முறிவு. கயிற்றை விரலிலும் மணிக்கட்டிலும் சுற்றிக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு தீங்கானது என்பது இதிலிருந்தே விளங்கும். கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மீதியை உள்ளங்கையில் மடித்து வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றின் நடுப்பகுதியைத் தாங்கினால், பிடி உறுதியாகவும் இருக்கும், தேவையானால் நொடியில் விட்டுவிடவும் முடியும். இந்தச் சிறு செய்தியை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் என் கை முறிந்திருக்காது.

கட்டுப் பிரித்த பிறகு, தெரிந்தவர்கள் சொன்னதன் பேரில் பயிற்சியாளர் ஒருவரிடம் செவலையை ஒப்படைத்தேன். ஒரு மாதம் தம் இடத்திலேயே வைத்துப் பழக்கித் தருவதாகச் சொன்னார். "அடியாத மாடு படியாது அம்மா" என்றும் சொன்னார். ஒரு மாதம் கழித்து வந்த நாய் அவர் பக்கத்தில் காலோடு ஒட்டி நடந்ததை நானே பார்த்தேன். மனம் நிறைந்துதான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறுநாள் காலையில் ஆணியில் தொங்கிய சங்கிலியை எடுத்ததும் செவலை வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டியது. கழுத்தைத் தடவிப் பார்த்தபோது, இறுகும் சங்கிலி அறுத்த இடத்தில் முடி உதிர்ந்து, தோல் தடித்துப் போயிருந்தது. இரண்டு வாரத்தில் பயம் தெளிந்ததும் பழையபடியே இழுக்கத் தொடங்கியது. அந்த மனிதரின் கைக்கு அஞ்சி அவர் பக்கத்தில் நடந்ததே தவிர, நடப்பது எப்படி என்று அது கற்றுக்கொள்ளவே இல்லை. ஒரு மாதம் அந்த வாயில்லா ஜீவன் பட்ட துன்பத்துக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பிறகு காய்ச்சலுக்காக அழைத்துச் சென்ற இடத்தில், அரசு கால்நடை மருத்துவர் ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கிச் சொன்ன விளக்கம்தான் எனக்கு வழி காட்டியது. நாய் ஏன் இழுக்கிறது என்று அவர் என்னிடமே கேட்டார். முரட்டுத்தனம் என்றேன். இல்லை, இழுத்தால் போக நினைத்த இடத்துக்குப் போக முடிகிறது, அதனால் இழுக்கிறது என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. நாயின் இயல்பான நடை நம் நடையைவிட வேகமானது. அது முன்னால் போகிறது, கயிறு இறுகுகிறது, நாமும் பின்னாலேயே போகிறோம். ஒவ்வோர் அடியும் இழுத்ததற்கு நாம் கொடுக்கும் கூலி. நற்பயன் தந்த செயலை விலங்குகள் மீண்டும் செய்கின்றன என்பதை எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, அவை வெளியே வரக் கற்றுக்கொள்ளும் விதத்தைக் கவனித்து, 1898ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். நாம் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் நாய்க்கு இழுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அது இழுக்கிறது என்று அதையே அடிக்கிறோம். போதாக்குறைக்கு நாமும் பதிலுக்குப் பின்னால் இழுக்கிறோம். கழுத்தில் பின்னிழுப்பு விழும்போது அதற்கு எதிராக முன்னால் சாய்வது நாயின் உடலுக்கு இயல்பு. தேர்வடம் பிடிப்பவர்கள் சாய்வதைப் போலத்தான். ஆகவே கயிற்றை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இழுப்பும் வலுத்துக்கொண்டே போகும்.

அவர் சொன்ன வழி மிக எளிமையானது, ஆனால் பொறுமையை மிகுதியாகக் கேட்பது. கயிறு இறுகிய நொடியில் நின்றுவிட வேண்டும். அதட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. நட்ட மரம்போல நிற்க வேண்டும். நாய் சற்று நேரம் முன்னால் முட்டிப் பார்த்துவிட்டு, ஏன் நகரவில்லை என்று திரும்பிப் பார்க்கும், அல்லது ஓரடி பின்வாங்கும். அப்போது கயிறு தொய்யும். தொய்ந்த அந்தக் கணத்திலேயே நடக்கத் தொடங்க வேண்டும். கயிறு தொய்வாக இருந்தால் நடை, இறுகினால் நிற்பு என்ற இந்த ஒரே கணக்கை நாய் தானாகப் புரிந்துகொள்ளும் வரை அதில் ஒருமுறைகூடப் பிசகக் கூடாது. நாய் நம் கால் அருகில் வரும்போதெல்லாம் நம் தொடையோரமாகவே கையை வைத்து ஒரு சிறு தின்பண்டம் கொடுக்க வேண்டும். கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாயும் முன்னால் வந்துவிடும். ஆகவே எந்த இடத்தில் அது நடக்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அந்த இடத்திலேயே கொடுக்க வேண்டும்.

முதலில் இதைத் தெருவில் தொடங்கவில்லை. ஒரு வாரம் மொட்டை மாடியில் மட்டும் பழக்கினேன். பூனை இல்லை, ஆடு இல்லை, வண்டி இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் இடையில் பத்து நிமிடம் போவோம், வருவோம். வேகவைத்த கோழி ஈரலைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி ஒரு சிறு துணிப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வேன். சைவக் குடும்பத்தினர் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ கேரட்டையோ பனீரையோ பயன்படுத்தலாம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால் அவற்றை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. எட்டாம் நாள் வாசற்கதவைத் திறந்து தெருவில் கால் வைத்தோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டு வேப்பமரம் வரை செல்ல அன்று இருபத்திரண்டு நிமிடம் ஆனது. முப்பத்தேழு முறை நின்றேன், எண்ணிக்கொண்டே நின்றேன். பால் வாங்கித் திரும்பிய பக்கத்து வீட்டார் என்னை வியப்போடு பார்த்துவிட்டுப் போனார்கள். பத்தொன்பதாவதோ இருபதாவதோ முறை நின்றபோது, செவலை முன்னால் பாய்வதை விட்டுக் கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தது. அதுவரை தெருவில் இருக்கும்போது அது ஒருமுறைகூட என் முகத்தைப் பார்த்ததில்லை. கயிறு தொய்ந்து தரையைத் தொட்டது. நான் நடந்தேன், அதுவும் நடந்தது.

மறுவாரம் நிற்கும் எண்ணிக்கை இருபதுக்கு வந்தது. ஒரு மாதத்தில் நான்கைந்துக்குக் குறைந்தது. இடையில் எதிர்பாராத ஒரு தடங்கல் ஏற்பட்டது. காலையில் என்னோடு ஒழுங்காக நடக்கும் நாய் மாலையில் என் கணவரோடு போகும்போது முன்போலவே இழுத்தது. அவருக்கு மூட்டுவலி, நின்று நின்று நடக்க இயலாமல், அது இழுத்த இழுப்புக்குப் போய்வந்திருக்கிறார். பத்து முறை இழுத்து ஒருமுறை பலன் கிடைத்தாலும் நாய் நம்பிக்கையை விடாது; எப்போதாவது கிடைக்கும் பலன் பழக்கத்தை இன்னும் வேரூன்றச் செய்யும். ஆகவே வீட்டில் ஒருவர் பழக்க, மற்றவர் கலைத்தால், மாதக்கணக்கில் முயன்றாலும் பயனில்லை. இதற்கும் அந்த மருத்துவர்தான் தீர்வு சொன்னார். பயிற்சிக்கென்று ஒரு பட்டையும், பயிற்சி தர நேரமோ தெம்போ இல்லாதபோது மாட்ட வேறொரு பட்டையும் வைத்துக்கொண்டால், எந்தப் பட்டை மாட்டியிருக்கும்போது எந்த விதி என்பதை நாய் பிரித்தறிந்துகொள்கிறது. செவலை பத்து நாளில் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கிய நாயும் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டது என்பதே. குட்டியிலேயே தொடங்குவது இன்னும் எளிது என்பதில் ஐயமில்லை. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழப் பதினான்காவது வாரம் வரை காணும் மனிதர்களையும் ஓசைகளையும் நாய்க்குட்டி அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம்.

பட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் கடைகளில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது இரும்புச் சங்கிலியைத்தான். சங்கிலி கனமானது, எப்போதும் கழுத்தில் தொங்கிக்கொண்டே இருப்பதால் இறுக்கத்துக்கும் தொய்வுக்கும் உள்ள வேறுபாடு நாய்க்கும் தெரிவதில்லை, நமக்கும் தெரிவதில்லை. ஐந்தாறு அடி நீளமுள்ள தட்டையான பருத்தி வாரோ நைலான் வாரோ போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறுகள் இந்தப் பயிற்சிக்கே எதிரானவை; இழுத்தால் இடம் கிடைக்கும் என்பதையே அவை கற்றுக்கொடுக்கின்றன. கழுத்துப்பட்டை போடுவதானால் அதற்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டை நாய்களுக்குத் தலை குறுகியது, கழுத்தோ தலையளவுக்குப் பருத்தது. பின்னுக்கு இரண்டடி வைத்துத் தலையைக் குனிந்தால் சாதாரணப் பட்டை கழன்று விழுந்துவிடும். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு இப்படிக் கழற்றிக்கொண்டு ஓடிக் காணாமல்போன நாய்களை எங்கள் தெருவிலேயே அறிவேன். இத்தகைய நாய்களுக்கும், இழுக்கும் பழக்கமுள்ள நாய்களுக்கும் மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் ஏற்றது. அதிலும் மார்புக்கு முன்புறம் வளையம் உள்ளதை வாங்குவது நல்லது. நாய் பாய்ந்தால் அந்தப் பாய்ச்சலின் விசையே அதன் உடலை நம் பக்கமாகத் திருப்பிவிடும். பின்முதுகில் மட்டும் வளையம் உள்ள ஹார்னஸில் நாய் வண்டிமாடு நுகத்தில் சாய்வதைப்போலத் தன் முழு எடையையும் போட்டு இழுக்க முடியும்.

கழுத்தை நெரிக்கும் சங்கிலியையும், உட்புறம் முள் உள்ள பட்டையையும் இன்னும் சிலர் பெருமையோடு மாட்டி நடத்துவதைக் காண்கிறேன். நாயின் கழுத்தில் மூச்சுக்குழலும் தைராய்டு சுரப்பியும் பெரிய இரத்தக் குழாய்களும் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன. கழுத்துப்பட்டையில் நாய் இழுக்கும்போது அதன் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதையும், ஹார்னஸ் போட்டு இழுக்கும்போது அவ்வாறு கூடாததையும் 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. பயிற்சியில் முட்பட்டைகளைப் பயன்படுத்துவதை ஜெர்மனி 2022 முதல் தடை செய்திருக்கிறது; மின்னதிர்ச்சி தரும் பட்டைகளை வேல்ஸ் நாடு 2010ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. இந்தக் கருவிகளின் விற்பனையை நம் நாட்டிலும் கட்டுப்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடத்திச் செல்வது என்றால் நாயைச் சிப்பாய்போல் விறைப்பாக நடக்கவைப்பது என்று சிலர் கருதுகிறார்கள். அது தவறு. மனித மூக்கில் சுமார் 60 லட்சம் மோப்ப உணர்விகள் என்றால், நாய்க்கு 30 கோடி வரை உண்டு. தெருவில் யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்பதையெல்லாம் அது மூக்கால்தான் அறிகிறது. அந்த இன்பத்தைப் பறித்துவிட்டு வெறும் நடையை மட்டும் கொடுத்தால் நாயின் மனம் அடங்காது. நான் செவலையை நூறு அடி ஒழுங்காக நடந்ததும் ஒரு மரத்தடியில் நிறுத்தி "மோந்துக்கோ" என்பேன். ஓரிரு நிமிடம் தன் விருப்பம்போல் முகர்ந்து பார்க்கும். "வா" என்றால் தலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். ஈரல் துண்டைவிட இந்த மோப்ப நேரம்தான் இப்போது அதற்குப் பெரிய பரிசாகிவிட்டது.

நம் ஊர்களில் மேலை நாட்டுப் பயிற்சி முறைகளில் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெரு நாய்கள் சொந்தக்காரர்கள். கயிற்றில் வரும் நாயால் ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. அதை அது உணர்ந்தே இருக்கிறது. எதிரே ஒரு நாய் வருவதைக் கண்டதும் நாம் பதறிக் கயிற்றைச் சுருட்டி இறுக்குகிறோம். அந்த இறுக்கம் கயிறு வழியாக நாய்க்குப் போய்ச் சேர்கிறது. ஏதோ ஆபத்து என்று அது முடிவு செய்து முதுகு முடியைச் சிலிர்க்கிறது, குரைக்கிறது, தெரு நாய்களும் கூடிவிடுகின்றன. நான் செய்வது இதற்கு நேர்மாறானது. தொலைவில் கண்டதுமே நேருக்கு நேர் போகாமல் சாலையின் மறுபக்கத்துக்கு வளைந்து செல்கிறேன். கயிற்றைத் தொய்வாகவே விடுகிறேன். செவலை அந்த நாய்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு ஈரல் கொடுக்கிறேன். கல்லை எடுப்பதில்லை, ஓடுவதுமில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போவதால் எங்கள் தெரு நாய்கள் இப்போது படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கின்றன. இந்த நிலை வர நான்கு மாதம் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

வெயிலைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார்த்து, நம்மால் பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. நாயால் நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்க முடியாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே வாய்மூடி கட்டாயம் என்று உத்தரவிடும்போது, எந்த வகை வாய்மூடி என்பதையும் சேர்த்தே சொல்வது அவசியம். வாயை இறுக்கிக் கட்டும் துணிவகை வாய்மூடியை மாட்டி வெயிலில் நடத்தினால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். உள்ளே வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடைவகை வாய்மூடியே ஏற்றது. அதையும் முதல் நாளே முகத்தில் மாட்டிவிடாமல், அதற்குள் தின்பண்டத்தை வைத்து, தானாக மூக்கை நுழைக்கும் வரை பல நாள் பழக்க வேண்டும்.

நடையே வேண்டாம், நாயைக் கட்டிப்போட்டு வைத்தால் போயிற்று என்று எண்ணுவோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உரிய அளவு உடற்பயிற்சி தராமல் விடுவதையே கொடுமை என்று 11ஆவது பிரிவில் வரையறுக்கிறது. அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் முதலில் குரல் எழுப்பியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் என்பது தமிழர்களாகிய நமக்குப் பெருமை. ஆக, நாயை வெளியே நடத்திச் செல்வது உடையவரின் சட்டப்படியான கடமை; நடத்திச் செல்லும்போது பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வதும் அவர் கடமையே. இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வேண்டுமானால், நாய் அமைதியாக நடக்கக் கற்றிருக்க வேண்டும்.

எனவே கால்நடை பராமரிப்புத் துறைக்கும் உள்ளாட்சி நிர்வாகங்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். தடுப்பூசி முகாம்களில் நாயும் உடையவரும் சேர்ந்தே வருகிறார்கள்; மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அரை மணியை ஒதுக்கி, கயிற்றை எப்படிப் பிடிப்பது, எந்தப் பட்டையை எப்படி மாட்டுவது, கயிறு இறுகினால் எப்படி நிற்பது என்று ஒரு நாயை வைத்து நேரில் செய்து காட்டினால் போதும். உரிமம் வழங்கும்போது ரசீதோடு இந்தக் குறிப்புகளைத் தமிழில், படங்களோடு, ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். மாவட்டத் தலைநகரங்களிலுள்ள கால்நடைப் பன்முக மருத்துவமனைகளில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பயிற்சியை நடத்தலாம். சென்னையில் 1903ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவர்களையும் பிற கால்நடைக் கல்லூரிகளின் மாணவர்களையும் இதில் ஈடுபடுத்தினால் அவர்களுக்கும் நல்ல பட்டறிவு கிடைக்கும். இதற்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. பொதுமக்களும் ஒன்றைக் கடைப்பிடித்தால் பேருதவியாக இருக்கும்: கயிற்றில் போகும் நாயைக் கண்டு குழந்தைகள் ஓடிவந்து தொடாமல், உடையவரிடம் கேட்டுவிட்டுத் தொடப் பழக்குங்கள். பல் பட்டுவிட்டால், சிறு கீறலாயினும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த முகாமில் என் முன்னால் நின்ற பெரியவரிடம் சங்கிலியைக் கையிலிருந்து அவிழ்த்துவிட்டுப் பிடிக்கும் முறையை மட்டும் காட்டிக் கொடுத்தேன். வரிசை நகர்வதற்குள் அவருடைய லாப்ரடார் மூன்று முறை திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டது. அவர் என் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மறு வாரமே வீட்டுக்கு வந்தார். இப்போது வாரம் இருமுறை எங்கள் மொட்டை மாடியில் அந்த நாய்க்கும் பயிற்சி நடக்கிறது. அடுத்த முகாமில் செய்து காட்ட ஆள் வேண்டுமென்றால், அதிகாரிகள் அழைத்தால், செவலையோடு காலை ஏழு மணிக்கே வந்து நிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மதுரை.